பந்தியில் பிட்காயின் பேச்சு

கிரிப்டோ பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் இரண்டு வரி போட்டதற்கு ஒரு சாக்கு நிறையக் கடிதம் வந்து சேர்ந்தது. பாதிக்கு மேல் ஒரே பின்குறிப்பு: ‘பெயரைப் போட வேண்டாம், வீட்டுக்குத் தெரியாது.’ அதனால் எல்லாருடைய பெயரையும் எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவில் பிட்காயின் வாங்கியவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பிட்காயின் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்குமாமே? ஆடித் தள்ளுபடி மாதிரி இதற்கும் சீசன் உண்டா? (கரூர்)

நடந்த கணக்கைச் சொல்கிறேன், சீசனா இல்லையா என்று நீங்களே பாருங்கள். 2013 கடைசியில் 1,100 டாலரைத் தாண்டியது. 2015 ஜனவரியில் 200-க்கும் கீழே கிடந்தது. 2017 டிசம்பரில் 20,000-ஐ எட்டிப் பார்த்தது. அடுத்த டிசம்பரில் 3,200 பக்கம். 2021 நவம்பரில் 69,000. மறு நவம்பரில் 16,000-க்கும் கீழே. 2025 அக்டோபர் 6 அன்று 1,26,000-ஐத் தொட்டது. நவம்பரில் 80 ஆயிரத்துச் சொச்சம். உச்சிக்கும் உச்சிக்கும் இடையில் ஏறத்தாழ நாலு வருஷம். உச்சியிலிருந்து பள்ளத்துக்கு ஏறத்தாழ ஒரு வருஷம்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுசாக முடிந்த பெரிய சுற்று மொத்தமே மூன்று. மூன்று தடவை பூனை குறுக்கே போனதற்குச் சகுன சாஸ்திரம் எழுதிவிட்டு, நாலாவது பூனைக்காகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த நாலு வருஷத்துக்கு ‘ஹாவிங்’தான் காரணம் என்கிறார்களே, அது என்ன? (தஞ்சாவூர்)

பிட்காயின் என்பது ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு கணக்குப் பேரேடு. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் எழுதுகிறார்கள். எழுதி முடிக்கும் கம்ப்யூட்டர்காரருக்குக் கூலியாகப் புது காயின். 2,10,000 பக்கத்துக்கு ஒருமுறை அந்தக் கூலி பாதியாகிவிடும், அதுதான் ஹாவிங். 2009-ல் 50 காயின். 2012 நவம்பரில் 25. 2016 ஜூலையில் 12.5, 2020 மே மாதம் 6.25; 2024 ஏப்ரலில் 3.125. இப்படியே குறைந்துகொண்டு போய், மொத்தம் 2 கோடியே 10 லட்சத்தோடு கதை முடியும். புதுச்சரக்கு வரத்துக் குறைகிறது, எனவே விலை ஏறுகிறது என்பது வாதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் வாதம் இளைக்கிறது. 2024 ஏப்ரலுக்கு முன் ஒரு நாளைக்கு 900 காயின் புதிதாக வந்தது, பிறகு 450. அன்றைக்கு ஏற்கெனவே வெளியே இருந்ததோ 1 கோடியே 96 லட்சத்துக்கும் மேல். நிரம்பி நிற்கும் மேட்டூருக்கு வரும் ஓடைகளில் ஒன்று பாதியாகிவிட்டது என்பதற்காகத் தஞ்சாவூரில் யாரும் நெல் விலையை ஏற்ற மாட்டீர்கள். அதுவும் இந்தக் குறைப்பு திடீரென்று வருவதல்ல. முதல் நாளிலிருந்தே எழுதி வைத்திருக்கிறது.

அப்புறம் ஏன் ஏறுகிறது? தீபாவளி என்றைக்கு என்று வருஷ ஆரம்பத்திலேயே காலண்டரில் இருக்கிறது. இருந்தும் ஜவுளிக்கடையில் கூட்டம் கடைசி வாரம்தான். ஹாவிங் ஒரு பண்டிகை. எல்லாரும் ஒரே சமயத்தில் கடைக்குப் போக அது ஒரு சாக்கு. அந்தச் சமயத்தில் கையில் காசும் இருந்தால் கூட்டம் நெரிகிறது. 2020, 21-ல் உலகம் முழுக்க வட்டி தரையில் கிடந்தது, காசு புரண்டது. 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி மார்ச் மாதம் ஆரம்பித்து டிசம்பருக்குள் வட்டியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து 4 சதவீதத்துக்கு மேல் ஏற்றியது. அந்த வருஷம் பிட்காயின் என்ன ஆனது என்று மேலே கரூர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

உச்சி வந்துவிட்டது என்று கண்டுபிடிக்க ஒரு நிச்சயமான அறிகுறி சொல்லுங்களேன். (திருப்பூர்)

கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், ஜென்மத்தில் பங்குச் சந்தைப் பக்கம் போகாத பெரியப்பா உங்கள் பக்கம் சாய்ந்து, “அந்தப் பிட்காயினை எங்கப்பா வாங்கறது?” என்பார்.

விளையாட்டில்லை. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பன்னாட்டுத் தீர்வு வங்கி என்று ஒன்று இருக்கிறது. மத்திய வங்கிகளுக்கெல்லாம் வங்கி. அவர்கள் 95 நாடுகளில் 2015 முதல் 2022 வரை கிரிப்டோ ஆப்களை யார், எப்போது போனில் இறக்கினார்கள் என்று பார்த்தார்கள். விலை ஏறிய பிறகுதான் ஆப் இறங்குகிறது. சின்னவர்கள் வாங்கும் நேரத்தில் பெரிய கைகள் விற்கின்றன. வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் பணம் இழந்திருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. காயின் பல மடங்கு ஏறிய அதே காலகட்டத்தில்தான் இது! விலைப்படம் மேலே போகும், வாங்கியவர் கீழே போவார். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க முடியும், ஏனென்றால் பெரியப்பாக்கள் பள்ளத்தில் யாரையும் விசாரிப்பதில்லை.

பயமும் பேராசையும் என்று ஒரு மீட்டர் இருக்கிறதே, அதைப் பார்த்து வாங்கலாமா? (சென்னை, தரமணி)

பூஜ்யம் என்றால் பீதி, நூறு என்றால் பேராசை. பார்க்க ரத்த அழுத்தக் கருவி மாதிரி கம்பீரமாகத்தான் இருக்கிறது. உள்ளே திறந்தால், விலை எவ்வளவு ஆடுகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது, சமூக ஊடகத்தில் எவ்வளவு பேச்சு, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பவை. அதாவது, விலை ஏறினால் ‘மக்களுக்கு ஆசை’ என்று காட்டும், இறங்கினால் ‘பயம்’ என்று காட்டும். காய்ச்சல்காரர் நெற்றியில் கை வைத்துவிட்டு ‘என் கை சுடுகிறது’ என்று சொல்லும் வைத்தியர்.

பிறர் பயப்படும்போது வாங்கு என்பார்கள். 2022 ஜூனில் மீட்டர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. இதைவிடப் பயம் ஏது? விலை 20,000 பக்கம். வாங்கியவர் ஐந்து மாசம் கழித்து 16,000-க்கும் கீழே பார்த்தார். அதற்கப்புறம் காத்திருந்தவருக்கு நல்ல பலன், மறுக்கவில்லை. ஆனால் மீட்டர் காட்டாத ஒன்று உண்டு: ஊரே பயப்படும் நாளில் உங்கள் வேலைக்கும் ஆபத்து இருக்கும், கையில் காசும் இருக்காது. தரமணியில் அந்த வருஷக் கடைசியிலிருந்து ஐ.டி. ஆட்குறைப்புப் பேச்சு எப்படி இருந்தது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

சதோஷி நகமோட்டோ யார்? (பரமக்குடி)

2008-ல் பிட்காயின் திட்டத்தை எழுதினார், 2009-ல் தொடங்கினார், 2011-ல் காணாமல் போனார். அவருடையது என்று கருதப்படும் பத்து லட்சம் காயின் அப்படியே கிடக்கிறது. எந்த உச்சியிலும் ஆசைப்படாத, எந்தப் பள்ளத்திலும் பயப்படாத ஒரே முதலீட்டாளர். ஆள் இல்லாததால் அது சாத்தியமாகிறது.

ஐயா, என் கணவர் 2021-ல் சாப்பாட்டு மேசையில் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார். 2022-ல் அந்த ஆப்பைத் திறக்கவே இல்லை. 2024-ல் திரும்பச் சிரித்தார். இப்போது மறுபடி மௌனம். இது என்ன நோய்? (திண்டுக்கல்)

அம்மா, தரமணிக்காரர் தேடும் மீட்டர் உங்கள் வீட்டில் இருக்கிறது. விலையை வாரம் ஒருமுறை எழுதி வைத்திருந்தால்கூட இவ்வளவு துல்லியமாக இருந்திருக்காது.

நோய் பொதுவானது. ஏறும்போது ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்ப்பார்கள். இறங்க ஆரம்பித்ததும் ‘சும்மா ஒரு திருத்தம்’ என்பார்கள். இன்னும் இறங்கினால் ‘நான் நீண்டகால முதலீட்டாளர்’. யாரும் திட்டம் போட்டு நீண்டகால முதலீட்டாளர் ஆவதில்லை, குறுகிய காலத்தில் மாட்டிக்கொண்டுதான் ஆகிறார்கள். அதற்கும் கீழே போனால் தத்துவம் வரும்: பிளாக்செயின் தொழில்நுட்பம் உலகத்தை மாற்றும், பணம் முக்கியமில்லை. தத்துவத்தையும் விட்டுவிட்டு ஆப்பையே அழிக்கிறார்கள் பாருங்கள், அநேகமாக அப்போதுதான் அடிமட்டம். அன்றைக்கு எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.

ஈமு கோழிக்கும் பிட்காயினுக்கும் என்ன வித்தியாசம்? எங்கள் மாவட்டத்துக்காரனுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். (பெருந்துறை)

உங்களுக்குக் கேட்க உரிமை உண்டு. 2012-ல் உங்கள் பக்கம் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும்: கோழியை நீங்கள் வளர்க்க வேண்டும், மாசா மாசம் பராமரிப்புப் பணம் கம்பெனி தரும், வருஷக் கடைசியில் போனஸ். புதிதாகச் சேர்பவர் பணம் பழையவருக்குப் போனது. சேர ஆள் இல்லாதபோது கோழிக்குத் தீவனம் போடவும் ஆள் இல்லை.

பிட்காயின் யாருக்கும் மாசம் இவ்வளவு என்று வாக்குக் கொடுப்பதில்லை. அதற்கு ஆபீஸ் இல்லை, ஓடிப்போக முதலாளி இல்லை. அந்த மட்டில் அது ஈமு இல்லை. ஆனால் அதன் நிழலில் கடை போட்டவர்கள் இருக்கிறார்களே! டெர்ரா என்று ஒரு திட்டம். எப்போதும் ஒரு டாலர் மதிப்பு என்று சொல்லப்பட்ட காயின். அதைக் கொண்டுபோய்ப் போட்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய 20 சதவீதம் வருமானம். பெருந்துறைக்காரர் யாராவது அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். 2022 மே மாதம் ஒரு டாலர் காயின் உடைந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய சகோதரக் காயினான லூனா, 80 டாலர் பக்கம் இருந்தது, ஒரே வாரத்தில் பைசாவுக்கும் கீழே போனது. இரண்டும் சேர்ந்து கரைந்த மதிப்பு சுமார் 4,000 கோடி டாலர். அதற்குக் கடன் கொடுத்தவர்கள், அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் என்று வரிசையாகச் சரிந்து, ஜூலையில் செல்சியஸ் என்ற கடன் கம்பெனி திவால், நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்ற எக்ஸ்சேஞ்ச் திவால். எஃப்.டி.எக்ஸ். முதலாளி சாம் பேங்க்மேன்-ஃப்ரைடுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டு சிறை.

கோழியா காயினா என்று பார்க்காதீர்கள். மாசம் இவ்வளவு நிச்சயம் என்று எவர் சொல்கிறாரோ அவர் கையில் இறகு இருக்கிறதா என்று பாருங்கள்.

பாஸ்வேர்டு எழுதி வைத்த டைரியை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். 2016-ல் வாங்கியது. என்ன செய்ய? (நாகர்கோவில்)

அம்மாவைத் திட்டாதீர்கள். அந்த டைரி இருந்திருந்தால் 2017-லேயே விற்று ஒரு பைக் வாங்கியிருப்பீர்கள். இப்போது ஆயுசுக்கும் கோடீஸ்வரர் என்று சொல்லிக்கொள்ளலாம், யாராலும் மறுக்க முடியாது.

2010-ல் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினாராமே ஒருவர். உலகத்திலேயே பெரிய முட்டாள் அவர்தானே? (புதுச்சேரி)

இல்லை. அன்றைக்கு அந்த 10,000-க்கு மதிப்பு சுமார் 40 டாலர். இரண்டு பீட்சா கிடைத்தது நியாயமான வியாபாரம். சூடாகவும் இருந்திருக்கும்.

சரி, அவர் வாங்காமல் வைத்திருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். 2011 பிப்ரவரியில் ஒரு காயின் ஒரு டாலர். பத்தாயிரம் டாலர், அன்றைக்கு நம் பணத்தில் நாலரை லட்சம். நாற்பது டாலர் நாலரை லட்சம் ஆகியிருக்கிறது, நீங்கள் விற்றிருக்க மாட்டீர்களா? சரி, விற்கவில்லை. அதே ஜூனில் 30 டாலர், கையில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல். புதுச்சேரியில் கடலைப் பார்த்த வீடே வாங்கலாம். அப்போதும் விற்கவில்லை என்றால், நவம்பரில் அது 2 டாலர். கோடி போய் லட்சங்களில் வந்து நிற்கிறது. வீட்டில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். அந்த வீட்டம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு 2013 வரை, அதற்கப்புறம் 85 சதவீத வீழ்ச்சியைத் தாண்டி 2017 வரை, அதற்கப்புறமும் 84 சதவீத வீழ்ச்சியைத் தாண்டி 2021 வரை ஒருவர் கை வைக்காமல் இருந்தார் என்றால், அவர் மனுஷர் இல்லை, மேலே நாகர்கோவில்காரர் மாதிரி டைரியைத் தொலைத்தவர்.

‘அன்றைக்கே வாங்கியிருந்தால்’ என்று சொல்கிறவர்கள் ஒரு முடிவை மட்டும் எண்ணுகிறார்கள், வாங்குவது. வைத்திருப்பது என்பது தினம் தினம் எடுக்க வேண்டிய முடிவு. பதினைந்து வருஷத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம் தடவை.

‘ஹோடல்’ என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது? (மதுரை)

2013 டிசம்பர் 18. விலை சரிந்துகொண்டிருந்தது. விஸ்கி அடித்திருந்த ஒருவர், நான் விற்கப் போவதில்லை, எனக்கு வியாபாரம் வராது என்று இணையத்தில் ஒரு புலம்பல் எழுதினார். ‘ஹோல்டிங்’ என்று தட்ட வேண்டியது கைதவறி ‘ஹோட்லிங்’ ஆனது. அந்த எழுத்துப்பிழைதான் இன்றைக்கு லட்சக்கணக்கானோரின் முதலீட்டுக் கொள்கை. தமிழில் ‘கெடக்கட்டும் விடு’ என்று சொல்லலாம். உங்கள் ஊரில் பாட்டிமார் அட்டிகையை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், விஸ்கி இல்லாமலே.

பெரிய பெரிய ஆட்களே மனசை மாற்றிக்கொள்கிறார்களே, அவர்களுக்கு ஏதோ தெரிந்துதானே? (சேலம்)

தெரிந்திருக்கும். என்ன தெரிந்தது என்பதுதான் கேள்வி. உலகத்தின் மிகப்பெரிய முதலீட்டு நிறுவனமான பிளாக்ராக்கின் தலைவர் லாரி ஃபிங்க், 2017 அக்டோபரில் பிட்காயினைக் கறுப்புப் பணத்தை வெளுப்பவர்களின் அளவுகோலாகப் பேசினார். விலை அப்போது 5,000 டாலருக்கு மேல். 2023 ஜூனில் அவர் நிறுவனமே பிட்காயின் இ.டி.எஃப். (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) நடத்த அனுமதி கேட்டது. விலை 25,000-க்கு மேல். 5,000-ல் கசந்தது 25,000-ல் இனித்தது. கத்தரிக்காயை யாராவது இப்படி வாங்குவார்களா?

டிரம்ப் 2019-ல் தனக்கு இது பிடிக்காது, காற்றில் தொங்குகிற சமாச்சாரம் என்று எழுதினார். 2024 ஜூலையில் நாஷ்வில் நகரத்து பிட்காயின் மாநாட்டு மேடையில் கைதட்டல் வாங்கினார். 2025 ஜனவரியில் பதவியேற்க மூன்று நாள் இருக்கும்போது அவர் பெயரிலேயே ஒரு காயின் வந்தது. இரண்டே நாளில் 70 டாலரைத் தாண்டியது. ஏப்ரலில் பத்து டாலருக்கும் கீழே.

மனசு மாறி விலை ஏறியதாக நாம் பேசிக்கொள்கிறோம். எனக்கென்னவோ, முதலில் விலை நடக்கிறது, பின்னாலேயே மனசு செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிறது. பெரிய மனிதர்களுக்கு ஓட்டம் கொஞ்சம் கம்பீரமாக இருக்கும், அவ்வளவுதான்.

கம்பெனிகள் ஏன் கிரிப்டோ பெயரை ஒட்டிக்கொள்கின்றன? (ராஜபாளையம்)

அமெரிக்காவில் பாட்டில் டீ விற்ற கம்பெனி ஒன்று, லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ. 2017 டிசம்பரில், உச்சிக்குச் சில நாள் கழித்து, ‘லாங் பிளாக்செயின்’ என்று பெயர் மாற்றப் போவதாக அறிவித்தது. டீ அதே டீ. பங்கு ஒரே நாளில் இரண்டு மடங்குக்கும் மேல். அடுத்த வருஷம் நாஸ்டாக் சந்தையிலிருந்தே வெளியே போட்டார்கள். நம்மூர் டீக்கடைக்காரருக்கு இந்த யோசனை தோன்றாததால் நமக்கு இன்னும் டீ கிடைக்கிறது.

என் மருமகன் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் கிரிப்டோ டிரேடிங் செய்கிறார். ‘லீவரேஜ்’ என்கிறார். கேட்டால் ‘மாமா, உங்களுக்குப் புரியாது’ என்கிறார். (நாமக்கல்)

புரியும், லாரித் தொழில் தெரிந்த ஊர்க்காரருக்கு இது சாதாரணம். கையில் பத்தாயிரம், சந்தையில் ஒரு லட்சத்துக்குப் பந்தயம்: பத்து மடங்கு லீவரேஜ். விலை பத்து சதவீதம் ஏறினால் பத்தாயிரம் லாபம். பத்து சதவீதம் இறங்கினால் போட்ட பத்தாயிரமும் போச்சு. போவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, உங்களைக் கேட்காமல், எக்ஸ்சேஞ்சே விற்று மூடிவிடும். வண்டி கடனில் ஒரு தவணை தப்பினால் ஃபைனான்ஸ்காரர் அடுத்த மாசம்தான் வருவார். இங்கே அடுத்த நொடி.

2025 அக்டோபர் 10 இரவு, நமக்கு விடிந்தால் சனிக்கிழமை, டிரம்ப் சீனச் சரக்குக்கு மேற்கொண்டு 100 சதவீத வரி என்று அறிவித்தார். பிட்காயினுக்கும் சீனச் சரக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். விலை இறங்கியது, கடன் பந்தயங்கள் தானாக விற்கப்பட்டன, அந்த விற்பனையால் இன்னும் இறங்கியது, அதனால் இன்னும் விற்கப்பட்டன. ஒரு நாளைக்குள் 1,900 கோடி டாலர் பந்தயம் அழிந்தது, 16 லட்சம் கணக்குகளுக்கு மேல். டாலர் கணக்கில் அதுவரை அப்படி ஒரு நாள் கிடையாது. நாலு நாளைக்கு முன்னால்தான் சரித்திர உச்சி!

மருமகனிடம் சண்டை வேண்டாம். பழைய கம்பெனி மேனேஜரோடு இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று மட்டும் மகளிடம் விசாரித்து வையுங்கள்.

ஒரு காயினில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம். வரி பூஜ்யம்தானே? (கோவை)

31,200 ரூபாய். லாபத்துக்கு 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ். நஷ்டத்தைக் கழிக்க முடியாது, வேறு வருமானத்திலும் முடியாது, அடுத்த வருஷத்துக்குத் தள்ளவும் முடியாது. லாபம் என்றால் அரசு கூட்டாளி, நஷ்டம் என்றால் நீங்கள் தனி மரம்.

அது போக, 2022 ஜூலை 1-லிருந்து விற்கும்போதெல்லாம் ஒரு சதவீதம் பிடித்தம். பிற்பாடு வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். லாபமோ நஷ்டமோ இல்லாமல் நூறு தடவை விற்று வாங்கினால், நூறு ரூபாயில் கையில் சுழல மிஞ்சுவது 37 ரூபாய் சுமார். நாமக்கல் மருமகனுக்கு இதையும் சொல்லுங்கள்.

நம்மூர்ச் சட்டத்தின் நேரமும் ஒரு தனிச் சுற்றுதான். 2018 ஏப்ரலில், விலை ஏற்கெனவே பாதிக்கும் கீழே விழுந்த பிறகு, வங்கிகள் கிரிப்டோவைத் தொடக் கூடாது என்றது ரிசர்வ் வங்கி. 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எல்லாரும் லட்டு சாப்பிட்டார்கள். எட்டு நாள் கழித்து, கொரோனா பீதியில், பிட்காயின் கிட்டத்தட்ட பாதியானது.

எக்ஸ்சேஞ்சில் திருட்டுப் போனால் நம் காயினுக்கு என்ன கதி? சட்டம் இதைச் சொத்து என்கிறதா, சூதாட்டம் என்கிறதா? (சென்னை, மயிலாப்பூர்)

உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்திலேயே பதில் கிடைத்திருக்கிறது. 2024 ஜூலை 18-ல் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் களவு போயின. கணக்குகள் முடக்கப்பட்டன. களவு போனது எத்தீரியம் வகைக் காயின்கள். எக்ஸ்.ஆர்.பி. என்ற வேறு காயின் வைத்திருந்த ஒருவர், ‘என்னுடையது களவே போகவில்லை, எனக்கெதற்குப் பங்கு நஷ்டம்?’ என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நியாயமான கேள்வி. பக்கத்து லாக்கர் உடைந்ததற்கு என் லாக்கர் நகையில் ஏன் கை வைக்கிறாய்?

2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் சொன்னது: கிரிப்டோ தொட்டுப் பார்க்கும் சொத்தும் அல்ல, நாணயமும் அல்ல, ஆனால் வைத்திருக்கவும் அனுபவிக்கவும் முடிகிற சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கக்கூடியது. முதலீட்டாளருக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கிடைத்தது. சொத்து என்று ஆகிவிட்டதால் இனி அண்ணன் தம்பி பாகப்பிரிவினையிலும் சண்டை போடலாம்.

யூடியூபில் ஒருவர் சார்ட் போட்டு அடுத்த டிசம்பர் விலையைத் தேதியோடு சொல்கிறார். நம்பலாமா? (விருதுநகர்)

2021-ல் உலகமே நம்பிய ஒரு சூத்திரம் இருந்தது: இருப்பை வருஷ வரத்தால் வகுத்து விலை சொல்லும். வருஷக் கடைசிக்குள் லட்சம் டாலர் என்றது. வருஷம் முடிந்தபோது 46,000 சுமார். லட்சத்தைத் தொட்டது 2024 டிசம்பரில். விலை சரி, வருஷம்தான் மூன்று தள்ளிப்போனது. ஜோசியத்தில் இதைப் ‘பரிகாரம் செய்யாததால் தாமதம்’ என்பார்கள்.

இனி வீழ்ச்சியே வராது, இது ‘சூப்பர் சைக்கிள்’ என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். (சிங்கப்பூர், உட்லண்ட்ஸ்)

உங்கள் ஊரிலேயே சொன்னார்கள். த்ரீ ஆரோஸ் கேப்பிட்டல் என்ற நிதியின் சூ சூதான் அந்தக் கொள்கையின் பெரிய பூசாரி. 2022 மே மாதம் கொள்கை தவறு என்று ஒப்புக்கொண்டார். ஜூனில் நிதி கலைக்கப்பட நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 செப்டம்பரில் சாங்கி விமான நிலையத்தில் கைதானார். சூப்பராக இல்லாவிட்டாலும் சைக்கிள் முடிந்தது.

ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே வேறு மாதிரி இல்லையா? இ.டி.எஃப். வந்துவிட்டது, வங்கிகள் வந்துவிட்டன. (காரைக்குடி)

கணக்குத் தெரிந்த ஊர், அதனால் கணக்காகவே சொல்கிறேன். 2024 ஜனவரி 10-ல் அமெரிக்கா இ.டி.எஃப்.களுக்கு அனுமதி கொடுத்தது. அந்த மார்ச்சில் விலை 73,000-ஐத் தாண்டியது. ஹாவிங்குக்கு முன்பே பழைய உச்சியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. பண்டிகைக்கு முன்னாலேயே கடை காலி. எனவே ஏதோ மாறியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

உச்சிகளை அடுத்தடுத்து வையுங்கள். 2013-க்கும் 2017-க்கும் இடையில் விலை சுமார் 17 மடங்கு. அடுத்த உச்சி அதைப் போல மூன்றரை மடங்கு. அதற்கடுத்தது, லாரி ஃபிங்க், டிரம்ப், வங்கிகள் எல்லாம் சேர்ந்து தள்ளியும், இரண்டு மடங்குகூட இல்லை. ஏற்றம் சிறுத்துக்கொண்டே வருகிறது. இறக்கமோ 85, 84, 77 சதவீதம் என்று மெள்ளத்தான் சிறுக்கிறது. 77 சதவீதம் விழுந்தால் பழைய இடத்துக்கு வர நாலு மடங்குக்கு மேல் ஏற வேண்டும். இரண்டு மடங்குக்கு மூச்சு வாங்குகிற குதிரை அவ்வளவு ஆழத்தில் விழாமல் இருப்பதுதான் அதற்கும் நல்லது. விழுமா என்று கேட்டால், வட்டிக்கடை நடத்திய வம்சத்தைச் சேர்ந்த நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்: இந்த அடகுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?

சூப்பர் பவுல் விளம்பரம் பற்றி ஏதோ சொல்வார்களே? (திருச்சி)

2022 பிப்ரவரி, அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி. எஃப்.டி.எக்ஸ். விளம்பரத்தில் நகைச்சுவை நடிகர் லாரி டேவிட் வருவார். சக்கரம் வேண்டாம், மின்விளக்கு வேண்டாம் என்று சரித்திரம் முழுக்க மறுத்த முட்டாளாக நடித்துவிட்டு, கடைசியில் எஃப்.டி.எக்ஸும் வேண்டாம் என்பார். ஒன்பது மாதத்தில் எஃப்.டி.எக்ஸ். திவால். அடுத்த வருஷப் போட்டியில் ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் விளம்பரம்கூட இல்லை.

நீங்கள் கிரிப்டோ வாங்கியிருக்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். (கடலூர்)

2021 மே மாதம், நாய் படம் போட்ட காயின், ஐயாயிரம் ரூபாய்க்கு. 2013-ல் இரண்டு பேர் கேலிக்காகத் தொடங்கிய காயின் என்று தெரிந்தேதான் வாங்கினேன். ஈலான் மஸ்க் அந்த வாரம் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிக்கு வருகிறார், இன்னும் ஏறும் என்றார் மச்சினர். மஸ்க் வந்தார். நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே விலை சரிந்தது. வீட்டில் தெரியாது. இந்த இதழ் வந்ததும் தெரியும்.

கடைசிக் கேள்வி. இந்தப் பதில்களை எழுதும்போது விலையைப் பார்த்தீர்களா? (திருநெல்வேலி)

பீட்சா பதிலுக்கும் பாஸ்வேர்டு பதிலுக்கும் நடுவில் ஒரு தடவை. நாமக்கல் மாமனாருக்கு எழுதும்போது இரண்டு தடவை. இப்போது நீங்கள் கேட்டதும் ஒரு தடவை.